உப்புக்காற்றில் இருந்த பழைய சாமான்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய எலக்ட்ரானிக் சாமானைக் கையில் எடுத்தாலே கடைக்காரர் சொல்வார்: “ஓடும் சார், சின்ன வேலைதான்.” கடலூர் முதுநகரிலிருந்து பஸ் ஏறிப் போய் ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர், லேப்டாப் என்று பல வருஷமாகத் தூக்கி வந்திருக்கிறேன். அந்தச் சின்ன வேலை எது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒரு பொருள் ஓடவில்லை என்றால், இரண்டு உலோகம் தொட்டுக்கொள்ளும் இடங்களை முதலில் சந்தேகப்படுங்கள். பேட்டரி ஸ்பிரிங், ஸ்விட்ச், சாக்கெட், ரேம் செருகும் பள்ளம், ரிப்பன் கேபிளின் முனை எல்லாம் அதில் சேர்த்தி. கடற்காற்றில் வரும் உப்பு மெல்லிசாகப் படிந்து, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. செம்பில் களிம்பு ஏறுகிறது, இரும்பில் துரு பிடிக்கிறது. பாகம் நன்றாகவே இருந்தாலும் கரண்ட் போய்ச் சேராது. அதனால் என் வரிசை எப்போதும் இதுதான்: தொடும் இடம், அப்புறம் கரண்ட் வரும் வழி, கடைசியில்தான் பாகம். இந்த வரிசையை மாற்றினால் காசு வீணாகும்.

கையில் இருக்க வேண்டியவை குறைவு. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், பழைய பல் பிரஷ், பென்சில் அழிக்கும் ரப்பர், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், டார்ச். சால்டரிங் அயர்ன் இருந்தால் நல்லது. இல்லாமலும் பாதி தூரம் போய்விடலாம்.

வாங்கி வந்தவுடன்: ஸ்விட்ச் போடாதீர்கள்

கை பரபரக்கும்தான். ஆனால் முதலில் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் கழன்ற ஸ்க்ரூவாக இருக்கலாம். அது போர்டில் இரண்டு இடத்தைச் சேர்த்துவிட்டால் நல்ல பொருளும் புகைந்துவிடும். அடுத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை, மீன் வாடை போன்ற ஒன்று, மண் வாடை என்று மூன்றும் மூன்று கதை சொல்லும். மீன் வாடை பெரும்பாலும் கண்டென்சர் (போர்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் உருளை) கசிந்ததற்கு அடையாளம். மண் வாடை வந்தால் அது வெள்ளத்தில் கிடந்த பொருள்.

இந்தக் கடைசி விஷயத்தில் நம் பக்கத்து ஆட்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற பொருளை மேலே துடைத்துவிட்டால் பளிச்சென்று இருக்கும். ஸ்க்ரூ போகும் பள்ளத்துக்குள் டார்ச் அடியுங்கள்: ஸ்க்ரூத் தலையில் செம்மண் நிறத் துரு, ஓரத்தில் காய்ந்த வண்டல் கோடு. ஸ்பீக்கர் வலையைச் சாய்த்துப் பார்த்தால் தூசி ஒட்டியிருக்கும் மட்டம் தெரியும். இவை தெரிந்தால் பாகத்துக்காக மட்டும் வாங்கலாம், ஓட்டுவதற்கு வேண்டாம்.

சுத்தமாக உயிரே இல்லை: ரேடியோ

பேட்டரி ரேடியோவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் தெரிந்துகொள்வது மற்ற எல்லாவற்றுக்கும் உதவும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய பிறகு, எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. அப்பாவின் பழைய இரண்டு பேண்டு ரேடியோ ஒன்றுதான் செய்தி சொன்னது. அதன்பிறகு பழைய ரேடியோ எதையும் நான் குப்பை என்று ஒதுக்குவதில்லை.

பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். அடியில், சுருள் தகட்டோடு சேரும் இடத்தில், பச்சையாகவோ வெள்ளையாகவோ பொரிந்திருக்கும். மேல் சுருள் பளபளப்பாக இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். புது பேட்டரி மூன்று போட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, உள்ளே ஒயர் பற்றவைத்திருக்கும் இரண்டு முனையிலும் தொடுங்கள். ரேடியோ ஆஃபில் 4.5 வோல்ட் சொச்சம் காட்டும். இப்போது ரேடியோவை ஆன் செய்துவிட்டு அதே இடத்தில் பாருங்கள். 4.5 என்பது சட்டென்று 3-க்கோ 2-க்கோ விழுந்தால், கரண்ட் அந்தக் களிம்பைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. விழாமல் இருந்தும் சத்தம் இல்லையென்றால் கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. எந்தப் பக்கம் தேடுவது என்பது இந்த ஒரு சோதனையிலேயே பிரிந்துவிடும்.

கசிந்தது எந்த வகை பேட்டரி என்று தெரிந்து சுத்தம் செய்யுங்கள். ஆல்கலைன் பேட்டரியில் கசிவது காரத்தன்மை உள்ளது. இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் நனைத்துத் தொட்டால் நுரைத்து அடங்கும். சாதாரண கார்பன் பேட்டரியில் கசிவது லேசான அமிலம். அதற்குத் தண்ணீரில் குழைத்த சமையல் சோடா. எதுவாக இருந்தாலும் பிறகு ஈரத்துணி, அதன்பின் ஆல்கஹால், பிறகு நன்றாகக் காய விட வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுவதுபோல் புளியைப் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் தகட்டின் இடுக்கில் தங்கும் புளிப்பு அடுத்த மாதமே மறுபடி பச்சை பூக்க வைக்கும். ஸ்பிரிங் அரித்தே போயிருந்தால் வேறு பழைய பொம்மையிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பற்றவைத்துவிடலாம்.

சுத்தமாக உயிரே இல்லை: அடாப்டர் போடும் பொருள்கள்

பொருளைத் திறக்கும் முன் அடாப்டரை மீட்டரில் அளந்து பாருங்கள். லேப்டாப் அடாப்டர் என்றால் பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட். லேபிளில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் மீட்டர் நிற்க வேண்டும். எண் ஏறி இறங்கி ஆடினால் அடாப்டர்தான் போய்விட்டது, அல்லது பின்னுக்குச் சற்று முன் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. அந்த இடத்தை வளைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள்.

வேறு அடாப்டர் போடும்போது வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ் நடுவிலா வெளியிலா என்பதை லேபிளில் உள்ள வட்டப் படத்தில் பாருங்கள். 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் மூன்றுக்கும் ஒரே மாதிரி உருண்டைப் பின் வருவதால் கண்ணை நம்ப முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 5 வோல்ட் ரௌட்டர் ஒன்றில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகி ஒரு நொடியில் இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அடாப்டரிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, எந்தப் பொருளுக்கு என்று பேனாவால் எழுதி வைக்கிறேன்.

டெல் லேப்டாப்களின் உருண்டைப் பின்னுக்கு நடுவே ஊசிபோல் ஒரு முள் இருக்கும். அடாப்டர் எது என்று லேப்டாப்புக்குச் சொல்லும் கம்பி அது. அது வளைந்தாலோ அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். பேட்டரி செத்துவிட்டது என்று புதுசு வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடாப்டர் சரி, லேப்டாப் மட்டும் அசையவில்லை என்றால் பேட்டரியையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டர் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். இது எளிதாகத் தோன்றினாலும் இதிலேயே எழுந்து உட்கார்ந்த லேப்டாப்களை நான் பார்த்திருக்கிறேன்.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

அறையை இருட்டாக்கி, திரையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். படம் நிழல்போல் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது. எல்இடி டிவியிலும் இதே சோதனைதான்: சத்தம் வரும், படம் வராது, டார்ச் அடித்தால் உள்ளே ஆள் நடமாட்டம் தெரியும். டிவியில் அது பெரும்பாலும் விளக்குப் பட்டை மாற்றும் வேலை. பெரிய கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்பதால் பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லையா, ரேமைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அடி மூடியைத் திறந்தால் பச்சைப் பட்டை ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டு ஓரக் கொக்கியையும் விலக்கினால் அது தானே சாய்ந்து எழும்பும். அதன் தங்க நிறப் பல்வரிசையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புதிதாக இருந்தபோது கண்ணாடிபோல் இருந்த வரிசை, நம் ஊரில் நாலைந்து வருஷம் இருந்தபின் மங்கி, கைரேகை படிந்ததுபோல் இருக்கும். அழிக்கும் ரப்பரால் ஒரே திசையில், பல்லின் நீளவாக்கில், அழுத்தாமல் தேயுங்கள். ரப்பர் கறுப்பாகும். தூளை ஊதிவிட்டு, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் ஒரு பள்ளத்தில் போட்டு ஆன் செய்யுங்கள். வரவில்லையா, அடுத்த பள்ளம். அதிலும் இல்லையா, அடுத்த ரேம். இரண்டு ரேம், இரண்டு பள்ளம் என்றால் நாலே முயற்சிதான். அதற்குள் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

இணையப் பக்கம் எதுவும் திறக்கவில்லை

புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கும் அக்கா மகளுக்கு ஒரு பழைய லேப்டாப் தயார் செய்து கொடுத்தேன். இரண்டே நாளில் போன். “மாமா, எந்த வெப்சைட் போனாலும் பாதுகாப்பு இல்லைன்னு வருது. வைரஸா?” கீழே ஓரத்தில் தேதி என்ன காட்டுகிறது என்று கேட்டேன். 2009 என்றாள். வைரஸ் எதுவும் இல்லை. லேப்டாப்பின் கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று காலக்கெடு உண்டு. கம்ப்யூட்டர் 2009-இல் இருந்தால் எல்லாச் சான்றும் செல்லாததாகத் தெரியும்.

அந்தப் பேட்டரியின் பெயர் சிஆர் 2032, 3 வோல்ட். மேசைக் கம்ப்யூட்டரில் போர்டிலேயே பொத்தான்போல் உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பில் பல நேரம் கறுப்பு உறைக்குள் இரண்டு ஒயரோடு இருக்கும். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கழற்றிய பொத்தான் பேட்டரியைக் கீழே போட்டு வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஆபத்து அது.

ஓடுகிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது

பழைய லேப்டாப் என்றாலே மெதுவாகத்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணம் அநேகமாகச் சுற்றும் ஹார்ட் டிஸ்க். முதலில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைச் சொல்லும். டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் ‘மாற்றப்பட்ட செக்டார்’ (Reallocated), ‘காத்திருக்கும் செக்டார்’ (Pending) எண்கள் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அன்றே முக்கியமான படங்களை வேறிடத்துக்கு நகல் எடுங்கள். டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் மென்பொருளுக்கே வேலையில்லை.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே அளவுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்) போட்டால் கிடைக்கும் மாற்றம், அந்தக் காசுக்கு வேறு எதிலும் கிடைக்காது. ரேம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிக்கே என் ஓட்டு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்கள், ஒரு சிலதைத் தவிர, விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. ஆனால் இந்த ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் எழுத, படிக்க, வீடியோ பார்க்க, கணக்கு போட இன்னும் பல வருஷம் தாங்கும். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் அல்லது இன்னும் இலேசான லுபுண்டு போடுங்கள். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வாங்கும் இடத்திலேயே இந்தப் பென்டிரைவைச் செருகி வைஃபை, சவுண்டு, கேமரா, கீபோர்டு எல்லாம் பார்த்துவிடுவேன். ஹார்ட் டிஸ்க்கே இல்லாத லேப்டாப்பைக்கூட இப்படிச் சோதிக்கலாம். கடைக்காரர்கள் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. “உங்க கையால பாருங்க தம்பி” என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

அரை மணி நேரத்தில் கொதித்து அணைந்துவிடுகிறது

ஃபேன் துவாரத்தில் டார்ச் அடியுங்கள். சாம்பல் நிறக் கம்பளிபோல் தூசி அடைத்திருக்கும். ஈரக்காற்றில் அது சேறாகிக் காய்ந்து கெட்டித்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. மூடியைத் திறந்து, ஃபேன் இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுங்கள். பிராசசர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்து பொடியாகியிருந்தால் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து மூடுங்கள்.

கரகர, உம்ம், ஒரு பக்கம் மட்டும் சத்தம்

வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரவென்றால் வால்யூம் கன்ட்ரோலின் உள்ளே இருக்கும் கார்பன் தடத்தில் அழுக்கு. கரண்டை எடுத்துவிட்டு, அதன் பக்கவாட்டு இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருகுங்கள். தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டாம்; ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டுத் தூசியைப் பிடித்து முன்னைவிட மோசமாகும்.

திருகினாலும் திருகாவிட்டாலும் ‘உம்ம்’ என்று ஒரே சீராக உறுமினால் பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர் வற்றியிருக்கும். தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கிறதா பாருங்கள். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே எண், வோல்ட் அதே அல்லது மேல், கழித்தல் கோடு அதே பக்கம். 105 டிகிரி என்று எழுதியதையே கேட்டு வாங்குங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசினால் இரண்டு ஸ்பீக்கர் ஒயரையும் இடம் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் கோளாறு ஸ்பீக்கரில். அது பேசி, மற்றது ஊமையானால் ஆம்ப்ளிஃபயரில்.

கேசட் சுற்றவில்லை, ரிமோட் கேட்கவில்லை

டேப் ரெக்கார்டரில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டால் பெல்ட் போயிருக்கும். ரப்பர் பெல்ட் பழசானால் தளர்ந்துவிடும், சிலது தார்போல் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாரை ஆல்கஹாலால் முழுக்க எடுக்காமல் புது பெல்ட் போட்டால் வழுக்கும். பாட்டு மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் டேப் உரசிப் போகும் ஹெட்டைப் பஞ்சால் துடையுங்கள். பழுப்பாக வருவது டேப்பின் பூச்சு.

ரிமோட்டுக்கு செல்போன் போதும். ரிமோட்டின் மூக்கைக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்தினால் திரையில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மின்னும். சில போன்களின் பின் கேமராவில் தெரியாது, முன் கேமராவில் பாருங்கள். மின்னினால் ரிமோட் சரி. கோளாறு டிவிப் பக்கம்.

தொட்டால் சுரீர் என்கிறது

இரண்டு பின் அடாப்டரோடு ஓடும் உலோக உடம்புப் பொருளில் விரலை ஓட்டினால் எறும்பு ஊர்வதுபோல் இருப்பது, அடாப்டருக்குள் உள்ள சின்ன கண்டென்சர் வழியாக வரும் மிகக் குறைந்த கசிவு. மூன்று பின் அடாப்டர் போட்டு, வீட்டு எர்த் சரியாக இருந்தால் போய்விடும். ஊர்வதற்குப் பதில் உதறினால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், சரிபார்க்காமல் மறுபடி போடவே கூடாது.

சில பொருள்களை நான் திறப்பதே இல்லை, நீங்களும் திறக்க வேண்டாம். பழைய குண்டு டிவியின் பிக்சர் டியூப்பில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக்கை எடுத்த பின்னும் மிச்சம் நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்சர் ஆளைக் கொன்றுவிடும். சாதாரண அடாப்டருக்குள்கூட 230 வோல்ட் கரண்ட், டிசியாக மாறும்போது 325 வரை ஏறி நிற்கிறது. வீங்கிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். தீப்பற்றாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பழைய செல்போன் வாங்கினால்

ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் ஐஎம்இஐ எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) வரும். KYM என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட போன் என்று பதில் வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜ் ஏறாத போனில் முதலில் சார்ஜ் துளையைப் பாருங்கள். சட்டைப்பை நூல்தூசி அடியில் கெட்டியாக அமுங்கி, ஒயர் முழுசாக உள்ளே போகவிடாமல் தடுக்கும். போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் எடுக்கலாம். ஊசி வேண்டாம்.

சரி செய்தது மறுபடி கெடாமல் இருக்க

ஐப்பசி, கார்த்திகையில் பூட்டி வைத்த பொருள்தான் அதிகம் கெடுகிறது. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்சூடே ஈரத்தை விரட்டும். மூடி வைக்க வேண்டியதை இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசியில் புதைப்பதால் மாவுத்தூசிதான் உள்ளே போகும். கடல் பார்த்த ஜன்னலோரத்தில் எதையும் வைக்காதீர்கள். ரேடியோவிலிருந்து பேட்டரியைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு, ரேடியோவோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். புயல் இரவில் கரண்ட் போனதும் இருட்டிலேயே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.